ஓர் எழுத்தைத் திருத்தினேன், படங்கள் எல்லாம் போயின: 19 நாட்களாகப் பதில் வராத புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: குறிப்பேட்டில் பதிவைத் திருத்திச் சேமித்ததும் படங்கள் மறைந்தது தொடர்பாக (ஆறாவது முறையாக)

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் குறிப்பேட்டுச் சேவைக்கு நான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கோபத்தில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் சுருள்வில் அறுந்துபோனதால் ஐந்து மாதங்களுக்கு முன் நானே பிரித்தேன். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, உங்கள் குறிப்பேட்டில் ஒரே பதிவாக ஏற்றி, படத்துக்குக் கீழே விளக்கமும் எழுதி வைத்தேன். மொத்தம் 14 படங்கள். ஐந்து மாதமும் அவை ஒழுங்காகத் தெரிந்தன. அளவு பொருந்தும் சுருள்வில் ஒன்று கிடைக்க அத்தனை நாள் ஆயிற்று. அது வந்து சேர்ந்த மறுநாள், கடிகாரத்தைத் திரும்பப் பூட்டலாம் என்று பதிவைத் திறந்தேன். 'பற்சக்கரம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பற்சகரம்' என்று இருந்தது. கண்ணை உறுத்தியது. 'திருத்து' பொத்தானை அழுத்தினேன். திருத்தும் திரையில் எல்லாப் படங்களும் அதனதன் இடத்தில் இருந்தன. விடுபட்ட 'க்' ஒன்றைச் சேர்த்துச் 'சேமி' என்று கொடுத்தேன்.

ஒரு 'க்' வந்தது. 14 படங்கள் போயின.

இப்போது அந்தப் பதிவில் இருப்பவை 14 சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மூலை கிழிந்த சிறிய படக்குறி. ஒன்பதாவது கட்டத்தின் கீழே என் கையால் எழுதிய விளக்கம் மட்டும் பத்திரமாக இருக்கிறது: 'இந்த முள் எங்கே நிற்கிறது என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்.' பார்க்கிறேன். சாம்பல்தான் தெரிகிறது. முந்தைய வடிவத்துக்குத் திரும்பும் வசதி இருக்கிறதே என்று அதையும் செய்து பார்த்தேன். பழைய எழுத்துப் பிழை திரும்பி வந்தது. படங்கள் வரவில்லை.

உங்கள் மென்பொருளின் வழக்கம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படம் பதிவுக்குள் இருப்பதில்லை. அது சர்வரில் தனிக் கோப்பாகக் கிடக்கிறது. பதிவில் இருப்பது அதன் முகவரி மட்டுமே. திருத்திச் சேமிக்கும்போது உங்கள் திருத்தும் திரை அந்த முகவரியைத் தின்றுவிடுகிறது, அல்லது உலாவி மூடும் வரை மட்டுமே உயிரோடிருக்கும் தற்காலிக முகவரியை அதற்குப் பதிலாக எழுதிவிடுகிறது. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: கோப்புகள் சர்வரில் இருக்கின்றனவா, இல்லையா? 19 நாட்கள், 11 மின்னஞ்சல்கள், 4 தொலைபேசி அழைப்புகள். இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை.

முதலில் பதில் அனுப்பியவர் உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழிக்கச் சொன்னார். அழித்தேன். மற்ற தளங்களிலெல்லாம் மீண்டும் கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டியதாயிற்றே தவிர வேறு பலன் இல்லை. அடுத்தவர், படங்கள் பல உலாவிகளில் தெரியாத ஹெயிக் (HEIC) வடிவத்தில் இருக்கலாம் என்றார். 2017 முதல் ஐபோன்கள் அந்த வடிவத்துக்கு மாறியது எனக்கும் தெரியும். என்னுடையவை சாதாரண ஜேபெக் படங்கள். வடிவம்தான் குற்றவாளி என்றால் முதல் நாளே தெரியாமல் போயிருக்க வேண்டும். ஐந்து மாதம் தெரிந்துவிட்டு, நான் ஓர் எழுத்தைத் தொட்டதும் வடிவம் மாறிவிடுமா? இதைக் கேட்டு எழுதியதற்கு, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அவரிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

மூன்றாவது தொலைபேசி அழைப்பில் பேசிய உங்கள் பணியாளரைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். நான் நடந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும் வரை அவர் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பிறகு, "படம்தானே சார், திரும்ப எடுத்து ஏற்றினால் போயிற்று" என்றார். பிரித்துப் போட்ட கடிகாரத்தைப் பிரிப்பதற்கு முன் இருந்த நிலையில் எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன். "அது எங்கள் சேவைக்குள் வராது" என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அந்தப் பதிவில் படங்கள் இருந்தன என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?" என்றும் கேட்டார். ஐயா, 14 சாம்பல் கட்டங்களை நான் எதற்காக ஒரு பதிவில் வரைந்து வைப்பேன்?

அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் தோன்றவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு நல்ல நல்ல பதில்களாகத் தோன்றின. அவற்றை இங்கே எழுதுவது மரியாதையாக இருக்காது.

அவர் சொன்ன இன்னொரு யோசனையால் வந்த சேதத்தையும் பதிவு செய்கிறேன். என் கணினியில்தான் கோளாறு என்று உறுதியாகச் சொல்லி, வேறொரு கணினியில் வேறொரு பதிவைத் திருத்திப் பார்க்கச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு நண்பர் வீட்டுக்குப் போய், அவருடைய கணினியில் என் கணக்கைத் திறந்து, கடிகாரத்தின் மணி அடிக்கும் பகுதியைப் பற்றிய பதிவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தேன். அதில் இருந்த 6 படங்களும் போயின. ஆக, கோளாறு என் கணினியில் இல்லை என்று நிரூபணம் ஆயிற்று. உங்கள் சோதனைக்கு என் படங்களே பலியாயின. அரை நாள் வீண். நண்பரோ, அவருடைய கணினியைத்தான் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று இன்னமும் சந்தேகப்படுகிறார்.

கடிகாரம் இல்லாதவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம், ஆகவே சொல்கிறேன். இந்தக் கடிகாரத்தில் நேரம் காட்டும் சக்கரங்கள் ஒரு வரிசை, மணி அடிக்கும் சக்கரங்கள் இன்னொரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சுருள்வில். எத்தனை அடிக்க வேண்டும் என்பதை நேரம் காட்டும் முட்களின் நிலை தீர்மானிப்பதில்லை. ஓரத்தில் வெட்டுகள் உள்ள ஒரு சக்கரம் தன் போக்கில் எண்ணிக்கொண்டு போகிறது. மணி அடித்து ஓய்ந்த நிலையில், வேறொரு சக்கரத்தில் துருத்தி நிற்கும் சிறிய முள் தடுப்புக் கம்பியிலிருந்து ஏறக்குறைய அரைச் சுற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அது பிசகினால் கடிகாரம் அடிக்க மறுக்கும், அல்லது அடிக்க ஆரம்பித்தால் நிற்காது. என் ஒன்பதாவது படம் காட்டியது அந்த முள்ளைத்தான். அரை மணிக்கு ஓர் அடி அடிக்காத இந்த வகைக் கடிகாரம் 12 மணி நேரத்தில் மொத்தம் 78 முறை அடிக்கும். நான் குத்துமதிப்பாகப் பூட்டியது நான்கு மணிக்கு ஒன்பது அடித்தது. மறுநாள் காலை மூன்று மணிக்கு அடிக்க ஆரம்பித்து, சுருள்வில் தளரும் வரை அடித்தது. வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் பார்த்தார்கள், உங்களை அல்ல. இப்போது மீண்டும் பிரித்து டப்பா மூடிகளில் போட்டு வைத்திருக்கிறேன்.

மூலப் படங்கள் கைபேசியில் இருக்குமே என்று மூன்று பேர் கேட்டார்கள். இருந்திருக்கும். படங்களை ஏற்றி முடித்ததும், 'உங்கள் படங்கள் பாதுகாப்பாகச் சேமிக்கப்பட்டுவிட்டன. கருவியிலிருந்து நீக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம்' என்று உங்கள் செயலிதான் பச்சை நிறத்தில் ஒரு பட்டையைக் காட்டியது. 'நீக்கு' என்ற பொத்தானும் அதற்குள்ளேயே இருந்தது. நம்பி அழுத்தினேன். ஐந்து மாதத்தில் கைபேசியின் குப்பைத்தொட்டியும் தானாகக் காலியாகிவிட்டது. நான்கு ஆண்டுச் சந்தாவில் நான் உங்களை முழுமையாக நம்பியது அந்த ஒரு பொத்தானில்தான்.

உங்கள் புகார்ப் படிவத்திலும் இதே கோளாறு இருக்கிறது என்பதையாவது கவனித்தீர்களா? சாம்பல் கட்டங்களின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும் என்றார்கள். எடுத்து இணைத்தேன். புகார் விவரத்தில் தேதியைத் தவறாகப் போட்டிருந்தேன். 'திருத்து' கொடுத்துத் தேதியைச் சரிசெய்தேன். ஸ்கிரீன்ஷாட் மறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, 'கேட்ட இணைப்பு கிடைக்காததால் தங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது' என்று மின்னஞ்சல் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலை எனக்கு வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அந்தப் பணியாளரின் குரல் நினைவுக்கு வந்து வரிசை தவறிவிட்டது. என் கணக்கில் 'பயன்படுத்திய இடம்' என்று ஓர் எண் வருகிறது அல்லவா? படங்கள் மறைவதற்கு முன் அது 412 எம்.பி. மறைந்த பிறகும் 412 எம்.பி. அதாவது கோப்புகள் சர்வரிலேயே இருந்தன. முகவரி மட்டும் அறுந்திருந்தது. யாராவது ஒருவர் உட்கார்ந்து முகவரிகளை மீண்டும் பொருத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இதைத் தெளிவாக எழுதி, எந்தப் பதிவும் சுட்டாத கோப்புகளைத் தானாகத் துப்புரவு செய்யும் வழக்கம் உங்களிடம் இருந்தால் என் கணக்குக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள் என்று ஐந்தாம் நாளே கெஞ்சிக் கேட்டேன். அதற்கும் 'இரண்டு வேலை நாட்களில் பதில் வரும்' என்ற அதே பதில். 16-ஆம் நாள் காலை அந்த எண் 344 ஆகியிருந்தது.

68 எம்.பி. போய்விட்டது. அவை என் படங்கள். நீங்கள் என்னைத் தற்காலிகச் சேமிப்பை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், உங்கள் சர்வர் என் படங்களை அழிக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து மாத உழைப்பு, ஒரு கடிகாரம், மூன்று தலைமுறையாக வீட்டில் ஒலித்த மணியோசை, என் மன நிம்மதி, எல்லாம் அந்த 68 எம்.பி.-யில் போயின. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், மூன்று மணிக்கு அடித்த மணியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

2019-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தள நிறுவனம், சர்வர் மாற்றத்தின்போது மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட படங்களும் பாடல்களும் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று பயனர்களிடம் சொன்னது. பெரிய இழப்புதான், ஆனாலும் வாய் திறந்து சொன்னார்கள். நீங்கள் அதையாவது செய்யலாம்.

தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது இது. உங்களிடம் கட்டாயம் காப்புப் பிரதிகள் இருக்கும். 16-ஆம் நாளுக்கு முந்தைய பிரதியிலிருந்து என் கணக்கின் படங்களை எடுத்துக் கொடுங்கள். பதிவுக்குள் திரும்ப ஒட்டித் தர வேண்டாம், வெறும் கோப்புகளாகத் தந்தால் போதும், வரிசையை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன். அந்தப் பிரதியும் இன்னும் சில நாளில் அடுத்த பிரதியால் அழிக்கப்படும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூடவே, இந்தக் கோளாறு தீரும் வரை 'திருத்து' பொத்தானுக்குப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையாவது போடுங்கள். என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் ஓர் எழுத்தைத் திருத்தப் போய் ஏமாறுவார்களோ. அந்தப் பச்சைப் பட்டையை உடனே எடுத்துவிடுங்கள்.

ஏழு நாட்களுக்குள், பெயரும் பொறுப்பும் உள்ள ஒருவரிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. அழைப்புகளின் நாள், நேரம், மின்னஞ்சல்கள், 412-க்கும் 344-க்கும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். அதை யாரும் திருத்தமுடியாது. உங்கள் நிறுவனத்தோடு சண்டை போட வேண்டும் என்பது என் ஆசை அல்ல. படங்கள் வந்தால் இந்தக் கடிதத்தையே மறந்துவிடுகிறேன். மூன்றாவது அழைப்பில் பேசியவரை மட்டும் மறப்பது கடினம். அந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரக் குரல் சொன்னது. தயவுசெய்து அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நான்காண்டு வாடிக்கையாளர்

இணைப்பு: சாம்பல் கட்டங்களின் ஸ்கிரீன்ஷாட் (மூன்றாவது முறையாக)

பி.கு.: கடிதத்தை முடித்த பிறகு விளக்கங்களை எண்ணிப் பார்த்தேன். முதல் பதிவில் மறைந்தவை 14 அல்ல, 16. ஆகமொத்தம் 22 படங்கள். மேலே போய் அதைத் திருத்தலாம்தான். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கெனவே இணைத்துவிட்டேன், அதனால் அங்கே கை வைக்கவில்லை.