தலையில்லாப் பனைகள்

பளை
ஐப்பசி

அன்பின் மகளுக்கு,

டொரொன்டோவில் உங்கள் கத்தோலிக்கக் கோவிலில் சுற்றாடலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், என்ன பேசலாம் அம்மா என்று கேட்டாய். அன்றைக்கு அடுப்பில் பனங்காய்ப் பணியாரம் பொரிந்துகொண்டிருந்தது, போனை வைத்துவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

உலகத்துப் படைகள் விடும், பூமியைச் சூடாக்கும் புகை மொத்தப் புகையில் 5.5 சதவீதம் இருக்கலாம் என்று 2022இல் மதிப்பிட்டதைச் சொன்னாய். 2015இன் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலும் படைகளின் கணக்கைக் காட்டுவது கட்டாயமில்லை என்றாய். சொல்லு. ஆனால் எண்ணை மட்டும் சொன்னால் சனம் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடும். நீ நம் காணியைச் சொல்லு.

2000இல் போருக்குப் பயந்து நாங்கள் ஓடியபோது உனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு 2009 வரை பக்கத்து முகமாலை போர் முன்னரங்காகக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், அப்பப்பா வைத்த பனைகளில் பாதி இல்லை. பங்கருக்குக் குற்றி வேண்டும், மண் அணைக்குக் குற்றி வேண்டும். அதற்கு இளம் வடலி உதவாது, வைரம் பாய்ந்த முதிர்ந்த பனைதான் வேண்டும். இரண்டு பக்கமும் பனையைத் தறித்தார்கள். நம்முடையதை யார் தறித்தார்கள் என்று நான் தேடவில்லை. மீதியில் பலவற்றுக்குத் தலை இல்லை, ஷெல் கொண்டுபோய்விட்டது. வேம்பை வெட்டினால் துளிர்க்கும், பூவரசு துளிர்க்கும். பனைக்கு உயிர் முழுவதும் உச்சிக் குருத்தில். அது போனால் மரம் வெறும் தூண். காகம் மட்டும் வந்து இருக்கும்.

மண்ணுக்குள் மிதிவெடி. அது வெடித்தால்தான் கேடு என்று நினைக்காதே. வெடிக்காமல் கிடந்தே வருஷக்கணக்காகக் காணியைத் தரிசாக்கிவிடும். அதை எடுப்பதற்கும் முதலில் பற்றையை வெட்டி, பிறகு மேல்மண்ணைச் சாண் சாணாகக் கிளற வேண்டும். நம் பக்கத்துப் பெண்களே அந்த வேலை செய்கிறார்கள், புருஷனைப் போரில் இழந்தவர்களும் அதில் உண்டு. வெயிலில் அந்தக் கனத்த உடுப்போடு முழங்காலில் இருந்து கிளறுவதைப் பார்த்தால் வயிறு பிசையும். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசெம்பரில்தான்.

சரி, கோவில் கதைக்கு வருகிறேன். பைபிளில் இணைச்சட்டம் இருபதாம் அதிகாரத்தின் கடைசியை எடுத்துப் பார். நகரை முற்றுகையிட்டாலும் கனி தரும் மரத்தை வெட்டாதே, அரண் கட்டக் கனி தராத மரத்தை வெட்டிக்கொள் என்று இருக்கிறது. எத்தனை தரம் வாசித்திருப்பேன்! பனங்குற்றி பங்கரைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலிலும் போர் சுற்றாடலுக்குச் செய்யும் கேட்டைச் சொல்லியிருக்கிறார். இங்கே பிரசங்கத்தில் பிளாஸ்டிக் பையைப் பற்றித்தான் கேட்கிறோம். பை கூடாதுதான், நானும் ஓலைப்பெட்டிதான் கொண்டுபோகிறேன். ஆனால் பைக்கு வாய் திறக்கிறவர்கள் பங்கருக்கும் வாய் திறக்க வேண்டாமா? பங்குச்சுவாமியிடம் கேட்டேன். "அதெல்லாம் அரசியல் அம்மா" என்றார். தறித்தபோது பனையிடம் யாரும் அரசியல் கேட்கவில்லையே சுவாமி என்றேன். சிரித்தார், பதில் இல்லை.

ஆனாலும் இந்த வருஷம் ஒன்று நடந்தது. செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கி புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாளான ஒக்டோபர் 4 வரை, இயற்கைக்காகச் செபிக்கும் படைப்பின் காலம் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அது நமக்குப் பனம்பழம் விழுகிற காலம். இளையோரைக் கூட்டிக்கொண்டு, பழம் பிழிந்த கொட்டைகளைச் சேர்த்து, மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கிக் கையளித்த காணி ஓரத்தில் மாரிக்கு முந்தி புதைத்தோம். சுவாமியும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி தோண்டினார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பத்துப் பதினைந்து வருஷமாவது கழித்துப் பாளை விட்டால்தான் ஆணா பெண்ணா என்றே தெரியும். அதைப் பார்க்க நான் இருப்பேனோ தெரியாது.

பேச்சில் சுவாமியின் பதிலைச் சொல்லாதே, என் கேள்வியைச் சொல்லு.

மார்கழியில் பிள்ளைகளோடு வருகிறாய் அல்லவா? கொட்டை புதைத்த இடத்தைக் காட்டுகிறேன். அதற்கு மேற்கே சிவப்புத் தடி நட்ட பக்கம் இன்னும் முடியவில்லை. சின்னவனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா