ஃபார்மேட் அடிக்கும் முன் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தேன், பேரேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய காலத்தில் வேறு ஆள் கிடைக்காமல் என் தலையில் கட்டினார்கள், அப்படிப் பழகிக்கொண்டதுதான். இந்தக் கடிதத்தை எழுத வைத்தவன் கொரடாச்சேரியில் இருக்கும் என் தங்கை மகன். போன தை மாதம் அவனுடைய லேப்டாப் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் அடிக்கணும்" என்றார்கள், அடித்தும் விட்டார்கள், கூலி 700 ரூபாய். மறுநாள் என்னிடம் வந்து, "மாமா, புதுசு மாதிரி ஓடுது, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல" என்கிறான். பயிர்க் காப்பீட்டுக்காக ஸ்கேன் செய்து வைத்த சிட்டா, அடங்கலை மறுபடி வாங்கிவிடலாம். மகளின் மஞ்சள் நீராட்டுப் படங்களை எங்கே போய் வாங்குவது?

விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் கெட்டுப்போவது வேறு. பத்தாயத்தின் பூட்டு மக்கர் செய்தால் உள்ளே இருக்கும் நெல்லை வாய்க்காலிலா கொட்டுகிறோம்? லினக்ஸ் (விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள்) ஏற்றிய ஒரு பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பினால், டிஸ்க் உயிரோடு இருக்கும்வரை படங்களையெல்லாம் வேறொரு டிரைவுக்குக் காப்பி எடுத்துவிடலாம். அதற்கப்புறம் ஃபார்மேட் அடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? நேரம் ஆகும் என்பதால் கடைக்காரர்கள் இதைச் செய்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

சரி, அந்தப் பென்டிரைவை நாமே செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் இறங்கியபோது பட்ட பாட்டையும் சொல்கிறேன். முதலில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். அதில் பென்டிரைவைப் பகுதி பிரிக்க ஜிபிடி என்றும் எம்பிஆர் என்றும் இரண்டு வகை கேட்டது, ஜிபிடி புதியது என்று யாரோ சொன்னதை நம்பி அதையே அமுக்கினேன். மகனுடைய புது லேப்டாப்பில் உடனே கிளம்பிவிட்டது. வீட்டில் இன்னொன்று, அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு இலவச லேப்டாப் இருக்கிறது (2011ல் திட்டம் தொடங்கிய புதிதில் கொடுத்தவற்றில் ஒன்று, விண்டோஸோடு நம் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது, அதை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை என்பது தனிக் கதை). அதில் செருகினால் பென்டிரைவ் என்று ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. பென்டிரைவ் போலி என்று நினைத்து, விற்றவரை மனதுக்குள் திட்டினேன். பாவம், அவர்மேல் தப்பில்லை.

ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடி, அதைக் கிளப்பிவிடும் நிரல் ஒன்று கம்ப்யூட்டருக்குள் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் அது பயாஸ். அது டிரைவின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கே இருக்கும் சின்ன நிரலைத்தான் ஓட்டும். புதியவற்றில் இருப்பது யூஈஎஃப்ஐ, அது ஃபேட்32 என்ற முறையில் அமைத்த பகுதிக்குள் நுழைந்து ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயருள்ள ஃபைலைத் தேடும். ஒன்று வாசலில் நின்று கூப்பிடுகிறது, இன்னொன்று கொல்லைப் பக்கமாக வருகிறது. இரண்டு பக்கமும் ஆள் வைத்த பென்டிரைவ்தான் பழையது புதியது இரண்டிலும் எழும்பும். ரூஃபஸிலேயே எம்பிஆர் எடுத்து, பயாஸ் அல்லது யூஈஎஃப்ஐ என்றிருப்பதைத் தேர்ந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் வைத்திருப்பது வென்டாய். இதுவும் இலவச மென்பொருள்தான். ஒருமுறை பென்டிரைவில் அதை நிறுவினால் (நிறுவும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், முதலில் காலி செய்துகொள்ளுங்கள்) பழையது புதியது இரண்டுக்கும் அதுவே வழி செய்துவிடுகிறது, அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல்களை (லினக்ஸோ விண்டோஸோ முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கியது) சாதாரணமாகப் படம் காப்பி செய்வது போல் உள்ளே போட்டால் போதும். 32 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட், 2 ஜிபி ரேம் மட்டும் உள்ள பழசுகளுக்காக ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸ், விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ என மூன்றும் வைத்திருக்கிறேன். கிளப்பினால் பட்டியல் வருகிறது, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு தடவை மாட்டிக்கொண்டபோது வண்டியில் உட்கார்ந்தபடியே மின்ட் ஃபைலை லேப்டாப்பிலிருந்து காப்பி செய்து முடித்தேன், கேட் அப்போதும் திறக்கவில்லை.

பென்டிரைவிலிருந்து கிளப்ப, ஆன் செய்ததும் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சிலவற்றில் எஃப்2 அமுக்கி உள்ளே போய் முதலில் அந்த எஃப்12 வசதியை இயக்கி வைக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்களில் செக்யூர் பூட் என்ற காவல்காரர் இருப்பார், வென்டாயை முதல்முறை செருகும்போது நீலத் திரையைக் காட்டி மறிப்பார். பயப்பட வேண்டாம். 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' என்பதைத் தேர்ந்து, வென்டாயின் சின்னப் பகுதியில் 'என்ரோல் திஸ் கீ' என்று தொடங்கும் ஃபைலைக் காட்டிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் அதோடு சரி.

பென்டிரைவால் ஆகாததும் உண்டு. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டைப் போட்டுப் பூட்டிய டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் லினக்ஸ் அல்ல, யார் வந்தாலும் படிக்க முடியாது. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு விழுந்திருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, பட்டா இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக்கிலும் என் பென்டிரைவ் எடுபடாது. திருவிழாக் கடையில் 400 ரூபாய்க்கு 1 டிபி பென்டிரைவ் என்று விற்பதை வாங்காதீர்கள், எழுதியது போலவே காட்டும், திறந்தால் குப்பை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத லேப்டாப்கள் விண்டோஸ் 11க்கு லாயக்கில்லை என்பதால் கடைகளில் ஃபார்மேட் வேலையும் புது லேப்டாப் வியாபாரமும் மும்முரமாக நடக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன், உங்கள் பத்திரிகையில் கால் பக்கம் ஒதுக்கி இந்தப் பொத்தான்களின் பட்டியலையாவது போடுங்கள், வெட்டி மேசையில் ஒட்டிக்கொள்வார்கள். கடைக்குப் போகும் வாசகர்களும் "முதல்ல காப்பி எடுத்துக் குடுங்க, அப்புறம் அடிங்க" என்று சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும், அதற்குத் தனியாக 200 ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம்.

என் தங்கை மகனுக்கு ஒரு பென்டிரைவ் செய்து கொடுத்தேன். அதில் சினிமா ஏற்றி வைத்திருக்கிறான். வென்டாயில் அதற்கும் இடம் இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு சங்க எழுத்தர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்