டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: ஜூரி வந்தால் பிள்ளையின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதிதான் முடிவு செய்கிறார். இங்கே டெக்சாஸில் அப்பாவோ அம்மாவோ கேட்டால் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் 12 பேர். 10 பேர் ஒத்துப்போனால் முடிவு. குடும்பச் சட்டத்தின் 105.002-ஆம் பிரிவுப்படி நீதிபதியே அதை மீற முடியாது.

இந்த ஜூரி முறையை ஒழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரே ஒருவரின் விருப்பு வெறுப்பில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது நல்ல காவல்தான். என் சண்டை அதே சட்டத்தின் 153.009-ஆம் பிரிவோடு.

ஜூரி இல்லாத விசாரணையில், ஒரு தரப்பு மனு போட்டால், 12 வயது நிரம்பிய பிள்ளையிடம் யாரோடு இருக்க ஆசை என்று நீதிபதி தன் அறையில் கேட்டே ஆகவேண்டும். ஜூரி வந்துவிட்டாலோ, அந்தக் கேள்வியை அவர் அங்கே கேட்கவே கூடாது. வார இறுதியில் அப்பாவை எப்போது பார்க்கிறாய் என்று கேட்கலாம். பிள்ளையை யார் எப்போது பார்ப்பது என்ற அட்டவணை நீதிபதி கையில் இருப்பதால். யார் வீட்டில் இருக்கப்போகிறாய் என்று கேட்கக்கூடாது. அது ஜூரியின் வேலை. என்ன கணக்கு இது?

பிள்ளை தனக்கு எதிராகப் பேசும் என்று தெரிந்த ஒருவர் ஜூரி கேட்டாலே அந்த அறைக்கதவு சாத்திக்கொள்ளும். (எல்லோரும் அப்படிக் கேட்பதாகச் சொல்லவில்லை.) பிறகு பிள்ளைக்கு மிஞ்சுவது சாட்சிக் கூண்டு. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா, எதிரே முன்பின் தெரியாத 12 முகங்கள். அதற்குப் பயந்தால், பிள்ளைக்காக வேறு யாராவது பேசவேண்டும்.

சாட்சியத்தைப் பெற்றோரிடமிருந்து மறைக்க முடியாது என்பீர்கள். நியாயம்தான். மறைக்க வேண்டாம். இரு தரப்பு வக்கீல்களும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். நீதிபதி தன் அறையில் கேட்கட்டும், பதிவாகட்டும். அதை ஜூரிக்கு வாசித்துக் காட்டட்டும். பெற்றோரும் கேட்பார்கள், ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளை பதில் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 140 நாள்தான் உங்கள் வழக்கமான கூட்டத்தொடர். ஒரே ஒரு உட்பிரிவைத் திருத்த அதில் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸில் பிள்ளை வளர்க்கும் ஒரு தமிழர்