உன் மலை வந்து சேர்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் போன வாரமே வந்துவிட்டது. ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று சுருளை இரண்டு முறை உதறிப் பார்த்தேன். கரித்தூள்தான் கொட்டியது. வரைந்து முடித்ததும் கரி உதிராமலிருக்க பிக்சடிவ் அடிக்க வேண்டாமா? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடி, அந்த வாடை தலைக்கு ஏறும்.

"மலையும் மரமும்தானே, நல்லாத்தானே இருக்கு" என்றாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரங்கள் எல்லாம் எதையோ கண்டு ஒதுங்குகிற மாதிரி சாய்ந்திருக்கின்றன. நடுச் சிகரத்தில் கரியை அழுத்தி அழுத்தி இழுத்ததில் தாளே கிழிந்திருக்கிறது. பள்ளத்தாக்கில் உன் கட்டைவிரல் ரேகை.

நூலகத்தில் எக்ஸ்பிரஷனிசம் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். கண்ணில் படுகிற மலையை விட்டு மனசில் கிடக்கிற மலையை வரைவதாம். 1905-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் நண்பர்களோடு 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கிய ஓவியர் கிர்ஷ்னர், உன்னைப் போலவே கட்டடக்கலை படித்தவர். உன்னைப் போலவே அதை ஓரம் கட்டியவர். 1915-ல் ராணுவத்துக்குப் போய் மனம் உடைந்து திரும்பினார். 1917-ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குப் போய் மலையும் மரமுமாக வரைந்து தள்ளினார், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். கடைசிப் பக்கங்களையும் படித்தேன். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

நேரத்துக்குத் தூங்கு. ஜன்னலைத் திறந்து வை.

கோட்டில் என்ன துணிச்சல்! ஓரிடத்திலும் ரப்பர் படவில்லை. இப்படிக் கோடு போடத் தெரிந்தவளுக்கு இரண்டு வரி எழுதத் தெரியாதா?

ரப்பர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புப் போட்டிக்கு, ஒடிந்து விழுகிற மரங்களாகப் பென்சிலில் வரைந்து வைத்திருந்தாயே, நீ தூங்கின பிறகு அவற்றை அழித்து நிமிர்த்தியவன் நான்தான். இரண்டு மலைக்கு நடுவில் ஒரு சூரியனும் வைத்தேன். பரிசு வந்தது. டீச்சர் திருத்தியிருப்பார் என்று அம்மாவிடம்கூடப் பொய் சொன்னேன். நீ அந்தக் கோப்பையை அலமாரியில் வைக்கவே இல்லை. அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. நாமிருவரும் அதற்கப்புறம் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் படத்தில் எதையும் தொடவில்லை. கிழிசலைப் பின்பக்கம்கூட ஒட்டவில்லை. கண்ணாடி கரியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க போன் பக்கத்திலேயே இருப்பேன். அந்த மரங்கள் எதைக் கண்டு ஒதுங்குகின்றன, பாப்பா?

அப்பா