அடுத்த பட்டிமன்றத்தில் அந்த மண்ணிலிருந்து வந்தவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் நடந்த பட்டிமன்றத்தின் தலைப்பை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வளரும் நாடுகள் பின்தங்கி நிற்பதற்குக் காரணம் மக்களா, தலைவர்களா என்று இரண்டு அணிகளும் மோதின. அரங்கம் நிறைந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு தண்டவாளம் போட 24 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள், அதே காலத்தில் நாம் ஒரு நாட்டையே எழுப்பிவிட்டோம் என்று ஒரு பேச்சாளர் சொன்னபோது கூரை அதிரும்படி கைதட்டினார்கள். நடுவரும் சிரித்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

எனக்குப் பக்கத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் துறையில் வேலை செய்யும் நண்பர் உட்கார்ந்திருந்தார். அவர் கைதட்டவில்லை. எழுந்து மறுக்கவும் இல்லை. மறுக்க அங்கே அவருக்கு வழி ஏது? ஒலிவாங்கி மேடையில் இருந்தது. மேடையில் இருந்த எவருக்கும் அந்தப் பாதை எப்படி அழிந்தது என்று தெரிந்திருக்கவில்லை.

கொழும்பிலிருந்து வடக்கே 1956 முதல் யாழ்தேவி ரயில் ஓடியது. 1990இல் போர் அதை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் மண்மேடு மட்டும் மிஞ்சியது. அதிலும் பல இடங்களில் கண்ணிவெடி. முகமாலை நெடுங்காலம் போர்முனையாக இருந்த நிலம். 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் அங்கே காலை எங்கே வைப்பது என்று எவருக்கும் தெரியாது.

கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பற்றி நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய அக்கா அந்த வேலைக்குப் போனவர். தடித்த கவச அங்கியும் முகத்தை மூடும் கண்ணாடித் தடுப்பும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, கையகல மண்ணை மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். கருவி ஒலித்தால் அது ஆணியாக இருக்கலாம், தகரத் துண்டாக இருக்கலாம், வெடியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் வெடியாகவே எண்ணித்தான் தொட வேண்டும். ஒரு நாள் முழுவதும் குனிந்து கிடந்தாலும் சில சதுர மீட்டர்தான் நகரும். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் பலர் இந்த வேலைக்கு வந்தார்கள். மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிவிட்டு, மறுநாள் விடியும்போது மீண்டும் அதே மண்ணுக்குப் போனார்கள்.

அப்படிச் சுத்தம் செய்த நிலத்தில்தான், இந்தியக் கடனுதவியோடு புதிய பாதை போடப்பட்டது. 2013 செப்டம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, 2014 மார்ச்சில் பளைக்கு, அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு. நான் கட்டுமானப் பொறியாளன். வெடி புதைந்த நிலத்தைத் துடைத்து, கரை எழுப்பி, பாலங்களைத் திரும்பக் கட்டி, ஐந்தாண்டு சொச்சத்தில் ரயிலை ஓட வைத்ததை என்னால் சோம்பல் என்று சொல்ல முடியாது. உங்கள் பேச்சாளர் 24 ஆண்டு என்று சொன்ன கணக்கில் 19 ஆண்டுகள் குண்டு விழுந்த ஆண்டுகள்.

தண்டவாளம் பெயர்க்கப்படுவது நமக்குத் தெரியாத கதையும் அல்ல. ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் கிழக்குக்கரை ரயில்பாதையில் ஒரு பகுதியைப் பெயர்த்துத்தான் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் செத்தவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் எத்தனை ஆயிரம்!

1965இல் நாமும் இந்த வளரும் நாடுகளும் ஒரே நிலையில்தான் இருந்தோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். சிங்கப்பூரைக் கட்டியவர்களின் உழைப்பை நான் ஒரு துளியும் குறைக்கவில்லை. என் தாத்தா இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆனால் ஆழமான துறைமுகம் நமக்கு வாசலிலேயே இருந்தது. மலாக்கா நீரிணை வழியே போகும் கப்பல்கள் நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போயின. செம்பவாங்கில் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற கப்பல்தளம் 1968இல் நம் கைக்கு வந்தது. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தபோது அதன் பின்னால் உலக வங்கிக் கடனும் இருந்தது. இவை அமையாத நாட்டைப் பார்த்து, எங்களைப் போல் ஏன் ஆகவில்லை என்று கேட்பது நியாயமா?

நேப்பாளத்துக்குக் கடலே கிடையாது. அதன் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாவில் இறங்கி இந்திய எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எல்லைச் சாவடிகளில் போக்குவரத்து முடங்கியது. எரிபொருளும் மருந்தும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். லாவோஸ் இன்னும் நமக்கு அருகில். 1964 முதல் 1973 வரை அதன்மேல் 2 மில்லியன் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் கொட்டப்பட்டன. இன்றும் அங்கே பல இடங்களில் பள்ளிக்கூடத்துக்கு அடித்தளம் தோண்டுமுன் மண்ணில் குண்டு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

தலைவர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2022இல் இலங்கை கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்ததற்கு ஆண்டவர்களே பொறுப்பு. அதைத் தாராளமாகப் பேசுங்கள். நிலத்தையும் போரையும் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைப் பேச அந்த மண்ணிலிருந்து வந்தவர் ஒருவரை மேடையேற்றுங்கள்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அரங்கின் பின்வரிசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தங்குவிடுதிகளிலிருந்து பஸ் வைத்து அழைத்து வருகிறீர்கள். முன்வரிசைகள் முக்கியப் பிரமுகர்களுக்கு. பேச்சாளர்கள் சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் கைதட்டவும், மறுநாள் வெளியாகும் படத்தில் கூட்டம் நிறைந்து தெரியவும் மட்டுமே வேண்டியிருக்கிறார்களா? வாரம் ஆறு நாள் நம் வீடுகளையும் ரயில் சுரங்கங்களையும் கட்டுகிறவர்களை, கிடைக்கும் ஒரு நாள் விடுப்பில் வரவழைத்து, உன் ஊர் உருப்படாததற்கு நீதான் காரணம் என்று மேடையிலிருந்து சொல்லி அனுப்புகிறோம். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சம்பளமின்றி, உங்கள் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு இந்த நிகழ்ச்சிகளை நடத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாவிட்டால் இங்கே தமிழில் இப்படிப் பேசவும் கேட்கவும் இடம் குறைந்துபோகும். அந்த மதிப்போடுதான் கேட்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. அதற்குள் பட்டிமன்றத் தலைப்பை முடிவு செய்யும்போது, வேறொரு நாட்டைப் பற்றிய தலைப்பாக இருந்தால், அந்த மண்ணிலிருந்து வந்தவர் ஒருவரை ஓர் அணியில் சேருங்கள். அவருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள்.

நண்பரிடம் கேட்டுவிட்டேன். தயங்கினார், பிறகு சரி என்றார். நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவரால் வர முடியும். மற்ற நாள்களில் இரவுவரை வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து வரும் ஒருவன்
சிங்கப்பூர்