வாசலில் நிறுத்தப்பட்டவனாக விளையாடிப் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளில் பிள்ளைகள் பிசாசாகவும் மிருகமாகவும் வேடம் கட்டி ஆடுவதால் மனம் கெட்டுப்போகிறது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் காரைக்குடிப் பக்கம் மரச்சிற்ப வேலை செய்கிறவன். பகல் முழுக்க உளியும் கொட்டாப்புளியுமாகப் போகும். இரவில் வீடு அடங்கிய பிறகு, அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்த பின் நடக்கும் கதை விளையாட்டுகளை ஆண்டுக்கணக்காக ஆடி வருகிறேன். எனக்கு இருக்கும் குறை கட்டுரையாளரின் குறைக்கு நேர்மாறானது. மனிதரல்லாத பிறவியாக ஆட இந்த விளையாட்டுகள் இடம் கொடுப்பதே அரிது. கொடுத்தாலும் தோலை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்த வகையில் பெயர் பெற்றது ஃபால்அவுட் தொடர். 1997-ல் வந்த முதல் விளையாட்டின் கதை 2161-ல் நடக்கிறது. பூமிக்கடியில் உள்ள ஒரு புகலிடத்தில் குடிநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் சில்லு பழுதாகிவிடும். 150 நாளுக்குள் வேறு சில்லு கொண்டுவர வேண்டும் என்று நம்மை மேலே அனுப்புவார்கள். தேடிப் போனால் நெக்ரோபோலிஸ் என்ற இடிந்த நகரத்துக்கு வந்து சேர்வோம். அங்கே இருப்பவர்கள் கதிர்வீச்சில் தோல் வெந்து, மூக்கு உதிர்ந்து, ஆனாலும் சாகாமல் வாழும் உருக்குலைந்த மனிதர்கள். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே புகலிடத்துக்குள் ஓடி ஒளிந்த குடும்பங்கள்தாம். அந்தப் புகலிடத்தின் கதவு மட்டும் சரியாக மூடாதபடி வேண்டுமென்றே செய்யப்பட்டிருந்தது.

நாம் தேடும் சில்லு அவர்கள் ஊருக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றிக்கொண்டு நடையைக் கட்டினால் அந்த ஊர் தண்ணீரில்லாமல் செத்துப்போகும். சாக்கடைக்குள் ஒதுங்கி வாழும் சிலர், பழுதாகிக் கிடக்கும் பழைய பம்பைச் சரிசெய்து கொடுக்கும்படி நம்மிடம் கேட்பார்கள். அதைச் செய்துவிட்டுச் சில்லை எடுத்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். இதைவிடக் கனமான ஒரு கேள்வியை வேறு எந்த விளையாட்டும் என் முன் வைத்ததில்லை. ஆனாலும் அங்கே நான் மனிதன். இரக்கப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் இருப்பவன். அந்தச் சாக்கடைக்குள் என்னை உட்கார வைத்திருந்தால் எப்படி இருக்கும்? முதுகில் 13 என்று தன் புகலிட எண் எழுதிய நீல உடுப்போடு எவனோ ஒருவன் வருகிறான், என் தண்ணீரைக் கழற்றுகிறான், அவன் மனம் இரங்குமா என்று அவன் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேடத்தை எனக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எங்கள் சீமை பெரிய ஆறு இல்லாத சீமை. மழையை ஊருணியில் தேக்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தத் தெருக்காரர் எந்தத் துறையில் இறங்கலாம் என்று வரையறை இருந்த காலத்தைப் பற்றி என் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலிக்குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, யாராவது மொண்டு ஊற்றுவார்களா என்று வெயிலில் நின்றவர் அவர். படித்துறையில் இறங்கி மொண்டவர்கள் அதே கதையைச் சொல்லியிருந்தால் நான் வேறு ஆளாக வளர்ந்திருப்பேன்.

2008-ல் வந்த மூன்றாவது ஃபால்அவுட்டில் டென்பென்னி கோபுரம் என்று ஒரு கட்டிடம் வரும். மேலே வசதியானவர்கள் குடியிருக்கிறார்கள். கீழே வாசலில், சுவரில் பதித்த பேசும் கருவியில் ஓர் உருக்குலைந்தவன் கத்திக்கொண்டிருப்பான். வாடகைப் பணம் கையில் வைத்திருக்கிறேன், ஏன் உள்ளே விட மறுக்கிறாய் என்பது அவன் வழக்கு. அவன் ஆத்திரத்தோடு திரும்பிப் போன பிறகு நாம் அதே கருவியில் பேசினால், ஆடுபவன் மனிதன் என்பதால் 100 மூடிக்குக் கதவு திறந்துவிடும். அந்த உலகத்தில் குளிர்பானப் பாட்டில் மூடிதான் காசு. பேசிச் சமரசம் செய்து அவனையும் அவன் கூட்டத்தாரையும் குடிவைத்தாலும் பின்னால் அங்கே ரத்தம் சிந்துகிறது. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. அவன் குரலில் நாம் ஒருமுறையாவது அந்தக் கருவியில் பேசியிருந்தால், அந்த ரத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வெறி எங்கிருந்து வந்தது என்று உறைத்திருக்கும்.

ஃபால்அவுட் 76 விளையாட்டில் 2025 மார்ச்சில் அந்த வாய்ப்பு வந்தது. 50-வது நிலையை எட்டியவர்கள் உருக்குலைந்தவராக மாறலாம். பசி தாகம் இல்லை, கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது செய்யும், புத்தி பிசகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில கூட்டத்தார் நம்மோடு பேச மாட்டார்கள் என்றும் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மாறுவேடத்தைப் போட்டுக்கொண்டால் அந்தத் தடையும் விலகிவிடுகிறது. இவ்வளவு எளிதில் கழற்றி வைக்கக்கூடிய ஒதுக்கலை யார் அனுபவித்திருக்கிறார்கள்?

தாளும் பகடையும் வைத்து ஆடிய காலத்தில் இந்தத் தயக்கம் இல்லை. 1978-ல் அமெரிக்காவில் வெளிவந்த காமா வேர்ல்டில் தொடக்கத்திலேயே உருமாறிய விலங்காக ஆடலாம். ஸ்வீடன்காரர்கள் செய்து 2018-ல் வந்த மியூட்டன்ட் இயர் ஸீரோ கணினி விளையாட்டில் ஒரு வாத்தும் ஒரு காட்டுப்பன்றியும்தான் நாயகர்கள். அழிந்த உலகத்தின் சாமான்களைக் கையில் எடுத்து, இது எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள தெருவில், பிரித்த வீடுகளிலிருந்து வந்த சாமான்களைப் பார்த்து இன்றைய பையன்கள் பேசுவதும் அப்படியேதான். 2024 டிசம்பரில் முழுமை பெற்ற கேவ்ஸ் ஆஃப் குட் என்ற கணினி விளையாட்டு இன்னும் ஒரு படி மேல். கொம்பும் சிறகும் கூடுதல் கால்களும் முளைத்த பிறவியாக அதில் அலையலாம். நல்ல தண்ணீர்தான் அங்கே பணம். செடிகொடி உட்பட ஒவ்வொரு கூட்டத்துக்கும் நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. தண்ணீரைப் பகிர்ந்துகொண்டால் உறவு பிறக்கும். படம் எளிமையானது, ஆனால் வேலை சுத்தம்.

மிருக வேடம் மனத்தைக் கெடுக்கும் என்பவர்கள் பங்குனியில் எங்கள் ஊர்க் கம்பன் விழாவுக்கு வந்து பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற விலங்கினத்துக்கு மனிதரின் நெறி எப்படிப் பொருந்தும் என்று வாலி கேட்கிறான். நன்மை தீமை அறிந்த நீ உன்னை விலங்கென்று சொல்லித் தப்பிக்க முடியாது என்கிறான் இராமன். மார்பில் அம்போடு கிடக்கிற வாலியின் பக்கம் நின்று நானும் கண்கலங்கியிருக்கிறேன். பட்டு வேட்டியும் திருநீறுமாக முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த நாழிகைக்கு அரங்கம் முழுக்க வாலிதான். அவர்கள் யாரும் கெட்டுப்போய் வீடு திரும்பியதில்லை.

என் பட்டறையிலும் இதைக் காண்கிறேன். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைக்கு யாளி செதுக்கும்போது என்னிடம் வேலை கற்கும் பையன், யாளியின் வாயை எவ்வளவு திறக்க வேண்டுமோ அவ்வளவு தன் வாயையும் திறந்து வைத்துக்கொள்வான். கடைவாய்ப் பல்லுக்கு உளி இறங்கும்போது அவன் தாடையும் இறுகும். அவனுக்கே அது தெரியாது. அப்படி இறுகிய நாட்களில் செதுக்கிய யாளிதான் உயிரோடு இருக்கிறது. அளவு பார்த்து மட்டும் செதுக்கியது மரமாகவே நிற்கிறது.

ஒன்றில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். ஃபால்அவுட் வயது வந்தோருக்கானது; ரத்தமும் வசையும் நிறைய உண்டு. பள்ளிப் பிள்ளை கையில் அதைக் கொடுக்கவே கூடாது. சிறியவர்களுக்கு, 2022-ல் வந்த ஸ்ட்ரே இருக்கிறது. மனிதர்கள் இல்லாமற்போன நகரத்தில், ரோபோக்களுக்கு நடுவே பூனையாக நடமாடலாம்.

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் எங்கள் பெரிய வீடுகளைக் களமாக வைத்து ஒரு விளையாட்டு செய்யுங்கள். போதிகையிலிருந்து இறங்கிய யாளியாக ஆடுபவன் இருக்கட்டும். திண்ணை வரை வரலாமா, முகப்பில் உட்காரலாமா, வளவுக்குள் அனுமதி உண்டா, இரண்டாங்கட்டில் சோறு கிடைக்குமா என்று ஒவ்வொரு நிலைவாசலிலும் அவன் கேட்டு நிற்கட்டும். ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்லட்டும். பழுதுபார்த்த வீடுகளின் அளவுகளும், நிலை, தூண், போதிகை வரைபடங்களும் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்காரர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி, கூலி இல்லாமல் தருகிறேன்.

இப்படிக்கு,
மரச்சிற்பி ஒருவர்,
காரைக்குடி