கண்டல் மண்ணின் பாக்டீரியாக்களை வயலுக்குக் கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர்,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்
உயர்திரு வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர் அவர்கள்,
வேளாண்மை – உழவர் நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: எண்ணூர், பழவேற்காடு கண்டல் (அலையாத்தி) காட்டு மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைச் சேகரித்துப் பாதுகாக்கவும், நெல்லின் பூஞ்சாண நோய்களுக்கு எதிராக அவற்றை வயலில் சோதிக்கவும் ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பொன்னேரி வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் கண்ணால் கண்ட ஒரு பலன் அந்த நிலத்துக்கு வந்து சேர வழியில்லாமல் நிற்கிறது. அதற்கு வழி கேட்டே இந்த மனு.

கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நேரத்தில் கழுத்துக் குலைநோய் தாக்கினால் கதிரின் கழுத்து கறுத்துச் சுருங்கிவிடும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் முற்றி வெளுத்ததுபோலத் தெரியும். கையில் பிடித்து உருவினால் அத்தனையும் பதர். சில கதிர்கள் தொட்ட இடத்திலேயே ஒடிந்து கையோடு வந்துவிடும். மேகமூட்டமும் இரவுப் பனியும் சேரும் நாட்களில் இது வேகமாகப் பரவுகிறது. நல்ல விலை கிடைப்பதால் பலரும் விரும்பி நடும் பிபிடி 5204 நெல் ரகத்துக்கு இந்த நோயைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. விவசாயிக்கு மிஞ்சும் வழி பூஞ்சாணக்கொல்லி ஒன்றுதான். குலைநோய்க்குப் பரவலாகத் தெளிக்கப்படும் டிரைசைக்ளசோல் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வரம்பைக் குறைத்தது. ஏற்றுமதியாகும் அரிசிக்குக் காட்டும் அக்கறை நம் வீட்டு உலையில் வேகும் அரிசிக்கும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணூர்க் கழிமுகத்தில் வெண்கண்டல் மரங்களின் மூச்சுவேர்களுக்கு அடியிலிருந்து ஒரு கரண்டி கறுப்புச் சேற்றை எடுத்து, கரைத்து, வளர்ப்புத் தட்டில் பரப்பினால், சில நாட்களில் திருநீறு தூவியதுபோலச் சாம்பல் நிறப் புள்ளிகள் முளைக்கும். தட்டைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை வரும். அவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரப்பவை. தட்டின் ஒரு பக்கம் இவற்றையும், எதிர்ப்பக்கம் நெல்லில் இலையுறைக் கருகல் நோயை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சாணத்தையும் வைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறோம். பூஞ்சாணம் மளமளவென்று படர்ந்து வந்து, பாக்டீரியாவை நெருங்கும் முன்பே நின்றுவிடும். இடையில் எதுவும் வளராத ஒரு பட்டை தெளிவாகத் தெரியும். பாக்டீரியா சுரந்த பொருள் அங்கே ஊறிப் பூஞ்சாணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. எல்லாத் தட்டுகளிலும் இப்படி நடப்பதில்லை. நடக்கிறவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையே.

இது புதுமையான கனவு அல்ல. ஜப்பானின் நாரா நகரில், கசுகா கோயில் பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து 1965இல் கசுகாமைசின் கண்டறியப்பட்டது. அது குலைநோய்க்கு மருந்தாயிற்று. இலையுறைக் கருகலுக்குத் தெளிக்கும் வாலிடாமைசினும் அதே இனத்தின் கொடைதான். இரண்டும் இந்தியாவில் விற்பனையில் இருக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கிலோ விதைக்குப் பத்து கிராம் வீதம் கலந்து விதைப்பது நம் விவசாயிகளுக்குப் பழகிப்போன ஒன்று. எனவே பாக்டீரியாவை வயலில் இடுவதற்கு யாரும் தயங்கமாட்டார்கள்.

கண்டல் மண்ணை நான் குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் உப்பு. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உப்பேறிய மண்ணில் சாதாரண மண் பாக்டீரியாக்கள் பல சுணங்கிவிடும். கண்டல் காட்டுப் பாக்டீரியாக்களோ ஓதம் ஏறி இறங்கும், காற்றுக் குறைந்த உப்புச் சேற்றிலேயே பிறந்து, மட்கும் இலைக்காகப் பூஞ்சாணங்களோடு போட்டியிட்டுப் பிழைத்தவை. எங்கள் பகுதி வயலுக்கு அவை பொருந்தக்கூடும் என்று நம்புகிறேன். தட்டில் வென்றது வயலில் தோற்பதும் உண்டு. வெயிலும் மழையும் அந்தப் பொருள்களைச் சிதைத்துவிடலாம். வயல் சோதனையை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இப்போது நடப்பது என்ன? மாணவர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்தெடுக்கும் பாக்டீரியாக்கள், ஆய்வேடு சமர்ப்பித்த பின் கல்லூரிக் குளிர்பதனப் பெட்டியில் கிடந்து, ஒரு கோடை மின்தடையில் செத்துப்போகின்றன. மறு ஆண்டு வேறு மாணவர் அதே சேற்றில் முதலிலிருந்து தொடங்குகிறார். அந்தச் சேறும் பத்திரமாக இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக் கண்டல் வேர்களில் அப்பிக்கொண்டதை ஊரே பார்த்தது.

ஆகவே, சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் பிரித்தெடுக்கப்படும் கண்டல் பாக்டீரியாக்களை ஒப்படைத்து வைக்க அரசுப் பொறுப்பில் ஒரு சேமிப்பகம் அமைக்க வேண்டுகிறேன். அவற்றில் தேறியவற்றைத் திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், உப்பேறிய உழவர் வயல்களிலும் குறைந்தது மூன்று பட்டங்களாவது சோதிக்க ஆணையிட வேண்டும். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெறத் தேவையான நச்சுத்தன்மைச் சோதனைகளின் செலவை எந்தக் கல்லூரியாலும் தாங்க முடியாது. அதை அரசு ஏற்க வேண்டும். மனிதருக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்குகளோடு உறவுடைய பொருள்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிட வேண்டும். வயலில் தெளித்ததற்குக் கிருமிகள் பழகிப்போய், மருத்துவமனையில் மருந்து பலிக்காமல் போகும் நிலை வரக் கூடாது. கசுகாமைசினுக்கே ஜப்பானில் குலைநோய்ப் பூஞ்சாணம் எதிர்ப்புத்திறன் பெற்றது என்பதால், ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளிக்க விடாத பரிந்துரையும் கூடவே வேண்டும்.

இதற்காகக் கண்டல் மரம் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. ஒரு கரண்டிச் சேறு போதும். மீதி வளர்ச்சியெல்லாம் ஆலைத் தொட்டியில்தான். பின்னாளில் இதிலிருந்து வருமானம் வந்தால், 2002ஆம் ஆண்டு உயிரியப் பன்மைச் சட்டப்படி எண்ணூர், பழவேற்காடு மீனவர்களுக்கும், கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்களுக்கும் பங்கு சேர வேண்டும். தேசிய உயிரியப் பன்மை ஆணையம் தரமணியிலேயே இருப்பதால் கலந்து பேசத் தொலைவில்லை.

வரும் சம்பா விதைப்புக்கு முன்பாக, வேளாண்மைப் பல்கலைக்கழகம், வனத்துறை, கல்லூரி ஆசிரியர்கள், பொன்னேரி வட்ட உழவர்கள் ஆகியோரை அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால், எங்களிடம் உயிரோடு எஞ்சியிருக்கும் வளர்ப்புக் குழாய்களையும் பதிவேடுகளையும் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)